15 கிலோமீட்டர் உப்புக்காற்று

சிங்கப்பூருக்கு வரும் சொந்தக்காரர்கள் கையோடு ஒரு பட்டியல் கொண்டுவருவார்கள். மெர்லயன், செந்தோசா, யுனிவர்சல் ஸ்டூடியோஸ், கடைசி நாள் முஸ்தஃபா. ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா அதில் இருக்கவே இருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வாடகை சைக்கிள், ஒரு போத்தல் தண்ணீர், அரை நாள் பொழுது, இவ்வளவு கொடுங்கள், இந்த ஊரின் ஆகச் சிறந்த இடத்தைக் காட்டுகிறேன் என்று சவால் விட்டுத்தான் ஒவ்வொருவரையும் கிளப்பிக்கொண்டு போவேன். போன யாரும் ஏன் கூட்டிவந்தாய் என்று கேட்டதில்லை. ஏன் கடைசி நாளில் கூட்டிவந்தாய் என்றுதான் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். நீளம் சுமார் 15 கிலோமீட்டர், பரப்பு 185 ஹெக்டேர். தேசியப் பூங்காக் கழகம் பராமரிக்கும் இதுதான் சிங்கப்பூரின் மிகப் பெரிய பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசற்கதவே கிடையாது, பிறகு எங்கே சீட்டுக் கிழிப்பது? விடிகாலையில் போனால் ஓட்டப் பயிற்சிக்காரர்கள் இருப்பார்கள். நள்ளிரவில் போனாலும் தூண்டிலைப் போட்டுவிட்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நின்றால் காசு, நிறுத்தினால் காசு என்றிருக்கும் ஊரில், ஒரு பக்கம் முழுக்கக் கடலும் மறுபக்கம் முழுக்க மரமுமாக இவ்வளவு நீளப் பாதையைச் சும்மா விட்டுவைத்திருக்கிறார்களே என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

முன்பெல்லாம் இங்கே வர ஒரு பஸ், இன்னொரு பஸ், அப்புறம் ஒரு நடை. 2024 ஜூனில் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை பேஷோர் வரை நீண்டதும் அந்தக் குறை தீர்ந்தது. மரின் பரேட், மரின் டெரஸ், சிக்லாப் என எந்த நிலையத்தில் வேண்டுமானாலும் இறங்குங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளுக்கு நடுவே தெற்கு நோக்கி நடந்தால் விரைவுச்சாலை குறுக்கே வரும். அதற்கு அடியில் போகும் சுரங்க நடைபாதைதான் இந்தப் பூங்காவின் உண்மையான வாசல். உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே லாரிகள் உறுமும். சின்னப் பிள்ளைகள் எதிரொலி கேட்பதற்காகவே வாய்விட்டுக் கத்துவார்கள், சைக்கிள் மணி கணகணவென்று சுவரில் மோதித் திரும்பும். அந்தப் பக்கம் ஏறியதும் முகத்தில் உப்புக்காற்று. மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி, அதை எம்ஆர்டியிலேயே கொண்டுவந்துவிடலாம்.

சைக்கிள் இல்லையா, கவலையே வேண்டாம். பூங்கா நெடுக வாடகைக் கடைகள் இருக்கின்றன. கூடை வைத்த சைக்கிள், கியர் சைக்கிள், பிள்ளையைப் பின்னால் உட்கார வைக்கும் இருக்கை போட்டது, இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் நீள சைக்கிள், குடும்பமே ஏறி உட்காரும் நான்கு சக்கர வண்டி என்று எல்லாம் கிடைக்கும். எடுப்பதற்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், இருக்கையை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். தாழ்ந்த இருக்கையோடு புறப்பட்டால் பாதி வழியில் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். சில கடைகளுக்குப் பூங்காவிலேயே இரண்டு மூன்று கிளைகள் உண்டு. ஒரு கிளையில் எடுத்து இன்னொன்றில் விடலாமா என்று கேட்டுக்கொண்டால், வந்த வழியே திரும்ப வேண்டிய கட்டாயமும் இல்லை.

இனி ஏறி மிதிக்க வேண்டியதுதான். என்ன பாதை ஐயா அது! மேடும் கிடையாது பள்ளமும் கிடையாது. நடப்பவர்களுக்குத் தனி வழி, சைக்கிளுக்குத் தனி வழி. தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டு பக்கமிருந்தும் கிளை கோத்து வெயிலை வடிகட்டி அனுப்புகின்றன. கொஞ்ச தூரம் போனால் தென்னை, அதைத் தாண்டினால் சவுக்கு. சவுக்குத் தோப்புக்குள் நுழையும்போது காற்றின் சத்தமே மாறிவிடும், அலை எது மரம் எது என்று காதுக்குப் பிடிபடாது. நாட்டு வாதாம் மரத்தடியில் சிவந்த இலைகள் கிடக்கும், அவற்றின்மேல் சக்கரம் ஏறினால் அப்பளம் நொறுங்கும் சத்தம். ஐம்பதைத் தாண்டிய என் முழங்கால்களே முணுமுணுக்காமல் வருகின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதை ஏன் இவ்வளவு சமமாக இருக்கிறது தெரியுமா? நீங்கள் சைக்கிள் விடுவது கடலின் மேல். மனிதர்கள் மண் கொட்டி உண்டாக்கிய தரை இது. 1966-ல் தொடங்கிய கிழக்குக் கரை நிலமீட்புப் பணி கட்டம் கட்டமாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்து, 1,500 ஹெக்டேருக்கும் மேல் புது நிலத்தைக் கொடுத்தது. பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கன்வேயர் பட்டைகளில் ஓடவிட்டுக் கடலுக்குள் தள்ளினார்கள். மரின் பரேட் அடுக்குமாடிகள், சாங்கி விமான நிலையத்துக்குப் போகும் விரைவுச்சாலை, இந்தப் பூங்கா எல்லாம் நிற்பது அந்த மண்ணில்தான். மணல் தோண்டிய பள்ளம் ஒன்று இன்றைக்குப் பிடோக் நீர்த்தேக்கமாக இருக்கிறது. குன்று கடற்கரையாயிற்று, குழி ஏரியாயிற்று.

பழைய கரை எங்கே இருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டால் காத்தோங் பூங்காவுக்குள் போங்கள். 1879-ல் கட்டிய தஞ்சோங் காத்தோங் கோட்டையின் மிச்சம் அங்கே இருக்கிறது. கடல்வழி வரும் எதிரியைச் சுடக் கட்டிய கோட்டைக்கு இப்போது எதிரே தெரிவது கட்டடங்களும் விரைவுச்சாலையும். ஆம்பர் சாலையில் உள்ள சீன நீச்சல் சங்கமும் ஒருகாலத்தில் அலை வந்து தொட்ட இடம்தான். இந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் வீட்டுப் பின்வாசல் படியிறங்கிக் கடலில் கால் நனைத்த கதைகள் வரும். நம்மவர்களுக்கும் இங்கே பழைய தொடர்பு உண்டு. இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய செண்பக விநாயகர் ஆலயம், பேரிலேயே சிலோன் இருக்கும் சிலோன் ரோட்டில், பூங்காவிலிருந்து சைக்கிள் தூரத்தில்தான் இருக்கிறது. காலையில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மிதிக்கத் தொடங்குவது என் வழக்கம்.

மண் கொட்டினால் மட்டும் கரை நின்றுவிடாது, அலை வந்து அரித்துக்கொண்டு போய்விடும். அதற்கு இங்கே கையாண்டிருக்கும் வழியைச் சைக்கிளில் போகும்போதே கண்ணால் பார்க்கலாம். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாகக் கருங்கற்களைக் குவித்துக் கடலுக்குள் மேடுகள் அமைத்திருக்கிறார்கள். அலை அந்தக் கற்களில் மோதி வளைந்து உள்ளே வருகிறது, வளைந்த அலை மணலையும் வளைத்து ஒதுக்குகிறது. ஒவ்வொரு இரண்டு கல்மேட்டுக்கும் நடுவே தேங்காய்க் கீற்றுப் போல ஒரு குட்டிக் கடற்கரை பிறந்துவிடுகிறது. வளைவைச் சுற்றிப் போகும்போது கடல் கிட்டே வரும், விலகும், மறுபடி கிட்டே வரும். இந்தக் கண்ணாமூச்சிதான் இந்தப் பயணத்தை அலுக்காமல் வைத்திருக்கிறது. அத்தனை கடற்கரைக்கும் தனித்தனிக் குணம் வேறு. ஒன்றில் கூடாரம் அடித்துக் குடும்பங்கள், அடுத்ததில் பட்டம் விடும் கூட்டம், அதற்கடுத்ததில் ஒரே ஒரு கிழவர், ஒரே ஒரு நாற்காலி.

அப்புறம் கப்பல்கள். நிமிர்ந்து பார்த்தால் அடிவானம் முழுக்கக் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும். எண்ணெய்க் கப்பல், கொள்கலன் கப்பல், பேர் தெரியாத இன்னும் எத்தனையோ. உலகத்தின் பரபரப்பான கடல்வழிகளில் ஒன்று உங்கள் சைக்கிளுக்கு இணையாக ஓடிக்கொண்டிருக்கிறது. மூட்டம் இல்லாத நாளில் அவற்றுக்குப் பின்னால் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு தெரியும். இருட்டியதும் எல்லாக் கப்பலும் விளக்குப் போட்டுக்கொள்ள, கடலுக்குள் இன்னொரு ஊர் முளைத்துவிடும்.

பிள்ளைகளோடு வந்தால் அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே மனதுக்குச் சொல்லிவிடுங்கள். மேற்குப் பக்கம், பழைய பிக் ஸ்பிளாஷ் நீச்சல் கேளிக்கை வளாகம் இருந்த இடத்தில், 2021-ல் திறந்த கோஸ்டல் பிளேகுரோவ் இருக்கிறது. அங்கே 16 மீட்டர் உயரத்துக்கு ஏறிச் சறுக்கிவரும் விளையாட்டுக் கோபுரத்தைப் பார்த்துவிட்ட பிள்ளையை மறுபடி சைக்கிளில் ஏற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. கொஞ்சம் கிழக்கே மரின் கோவ் விளையாட்டுத் திடல். இன்னும் போனால் ஸ்கேட் பலகைக்காரர்களின் மைதானம். பள்ளத்தில் சரிந்து மேட்டில் பறக்கும் பையன்களைப் பார்த்துக்கொண்டே நின்றால் பத்து நிமிடம் போவது தெரியாது.

என்னைக் கேட்டால், இந்தப் பாதையின் கிரீடம் பிடோக் படகுத்துறை. கடலுக்குள் 250 மீட்டர் நீண்டு கிடக்கும் கான்கிரீட் மேடை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுனிவரை நடந்துபோங்கள். இரண்டு பக்கமும் தூண்டில்கள் வரிசை கட்டி நிற்கும். ஒரு நரம்பில் ஐந்தாறு குட்டித் தூண்டில்முள், ஒவ்வொன்றிலும் மினுங்கும் இழை. இரை எதுவும் இல்லை. கீழே விட்டு, மணிக்கட்டால் மட்டும் சுண்டிச் சுண்டித் தூக்குகிறார்கள். நரம்பு கிடுகிடுவென்று நடுங்கினால் சுழற்ற வேண்டும். மேலே வரும்போது முள்ளுக்கு ஒன்றாக வெள்ளி வெள்ளியாகச் சாளை துள்ளும். பக்கத்தில் இன்னொருவர் நண்டுக்கூடையை இறக்கிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மூர்ப் பையன் ஒருவன் மலாய்க்காரப் பெரியவர் பக்கத்தில் நின்று தூண்டிலைச் சுண்டிக்கொண்டிருந்தான்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"பட்டுக்கோட்டை பக்கம்ணே, மல்லிப்பட்டினம். அங்க வல போட்டுப் புடிப்போம். இந்தச் சுண்டுற வித்தையெல்லாம் இந்த அங்கிள் சொல்லிக் குடுத்தது."

"கெடைக்குதா?"

"கொழம்புக்குக் கெடச்சாப் போதும்ணே. ரூம்ல பத்து பேரு இருக்கோம்."

பெரியவருக்குத் தமிழ் தெரியாது, இவனுக்கு மலாய் எண்ணுவதற்கு மட்டும் தெரியும். இரண்டு பேரும் காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்! எந்தச் சுற்றுலாத் தலத்தில் கிடைக்கும் இந்தக் காட்சி?

பசியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பூங்காவுக்குத் துரோகம் செய்தவனாவேன். ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடி நிலையம் கடலோரத்திலேயே இருக்கிறது. தென்னை மரத்தடி மேசை, காலுக்கு எட்டும் தூரத்தில் மணல். மாலையானால் கரி அடுப்புகள் மூட்டம் போடும். சாத்தே குச்சிகள் விசிறியின் காற்றில் சிவந்து வேகும், சொட்டும் கொழுப்புக்கு நெருப்பு உஸ்ஸென்று எழும்பும். சம்பல் தடவி வாழையிலையில் வாட்டிய திருக்கை மீன், தேன் நிறத்தில் சுட்ட கோழி இறக்கை, ஒரு பெரிய கோப்பை கரும்புச் சாறு. பல கடைகள் பிற்பகலுக்கு மேல்தான் சூடுபிடிக்கும் என்பதால் பயணத்தை அதற்கேற்பத் திட்டமிடுவது புத்திசாலித்தனம். சனிக்கிழமை மாலையில் வந்தால் உணவங்காடிக்குக்கூடப் போக வேண்டாம், பாதையோர பார்பிக்யூ அடுப்புகளின் வாசனையிலேயே பாதி வயிறு நிறைந்துவிடும். எங்காவது ஒரு கூடாரத்திலிருந்து இளையராஜா பாட்டு நிச்சயம் கேட்கும்.

தெம்பு மிச்சமிருந்தால் கிழக்குக் கோடிவரை போய்விடுங்கள். 2020 அக்டோபரில் திறந்த சாங்கி விமான நிலைய இணைப்புப் பாதை அங்கிருந்து 3.5 கிலோமீட்டர் ஓடி இரண்டாம் முனையத்தின் பக்கத்தில் போய் முடிகிறது. வழியில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட டைனோசர்கள் ஆள் உயரம், மர உயரம் என்று நின்றுகொண்டிருக்கும். விமான நிலையத்துக்கு வியர்க்க விறுவிறுக்கச் சைக்கிளில் போய் இறங்கும் சுகமே தனி! குளிப்பதற்குக்கூட அங்கே கட்டணக் குளியலறை உண்டு. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வந்தால் இன்னொரு வேடிக்கையும் இலவசம். விமானங்கள் காற்றை எதிர்த்து இறங்க வேண்டும் என்பதால் கடல் பக்கமிருந்து தாழ்ந்து வரும். சக்கரங்களை நீட்டிக்கொண்டு அவை வரிசையாக இறங்குவதைப் பாதையோரம் நின்று எண்ணிக்கொண்டிருக்கலாம்.

மேற்கே போனால் வேறு உலகம். தஞ்சோங் ரூவைத் தாண்டி மரினா கிழக்கு வழியாக 2008-ல் திறந்த மரினா அணைக்கட்டை எட்டிவிடலாம். 350 மீட்டர் அகல வாய்க்காலை மறித்துக் கட்டியது. இந்தப் பக்கம் உப்புக் கடல், அந்தப் பக்கம் குடிநீர், நடுவில் நீங்களும் உங்கள் சைக்கிளும். எதிரே நகரத்தின் வானளாவிகள் மொத்தமாக எழுந்து நிற்கும். உல்லாசப் பேருந்தில் பார்க்கும் அதே காட்சிதான், மிதித்து வந்து பார்த்தால் மதிப்புக் கூடிவிடுகிறது.

சில நடைமுறை விஷயங்கள். இங்கே சூரியன் உதிப்பது 7 மணியை ஒட்டி. அதற்கு அரை மணி முன்னால் படகுத்துறையில் இருந்தால் அன்றைய நாள் முழுக்க நன்றாகப் போகும், நான் உத்தரவாதம். டிசம்பர், ஜனவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். முதலில் கிழக்கே எதிர்காற்றில் போய்விட்டால் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆண்டின் நடு மாதங்களில் விடியும் நேரத்தில் சுமத்ராப் பக்கமிருந்து சூறைக்காற்றும் மழையும் திடீரென்று வரும், கருத்த மேகத்தைக் கண்டால் மரத்தடியில் நிற்காமல் கூரை தேடுங்கள். சைக்கிள் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். வார இறுதி மாலையில் அதில் பாதி போதும், ஏனென்றால் அன்றுதான் தீவின் பிள்ளைகள் அத்தனை பேரும் இங்கே சைக்கிள் பழகுவார்கள். அவர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அழுங்காமைகள் அபூர்வமாக இந்த மணலில் ஏறி முட்டையிடுகின்றன. கண்ணில் பட்டால் விளக்கு அடிக்காமல், கிட்டப் போகாமல் தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லுங்கள்.

இந்தக் கரை எவ்வளவு எளிதில் காயப்படும் என்பதை 2024-ல் பார்த்தோம். ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங்கில் தூர்வாரும் கப்பல் ஒன்று நின்றிருந்த எரிபொருள் கப்பலில் மோதி, கசிந்த எண்ணெய் இங்கேயும் வந்து மணலைக் கருக்கியது. தொழிலாளர்களும் தொண்டூழியர்களும் மணலை வாரி வாரி அகற்றித்தான் கரையை மீட்டார்கள்.

அடுத்த மாற்றம் இதைவிடப் பெரியது. கிழக்குக் கரையின் பெரும்பகுதி தாழ்நிலம். 2100-க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்பது அரசின் அண்மைக் கணிப்பு. அதற்குத் தடுப்பாக இந்தக் கரைக்கு எதிரே சுமார் 800 ஹெக்டேர் நிலத்தைக் கடலிலிருந்து மீட்கும் 'லாங் ஐலண்ட்' திட்டத்தை 2023 நவம்பரில் அறிவித்தார்கள். புது நிலத்துக்கும் இப்போதைய கரைக்கும் நடுவே நன்னீர்த் தேக்கம் வரும். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. காத்தோங்காரர்கள் தங்கள் கடலை விட்டுக்கொடுத்ததால்தானே இந்தப் பாதை எனக்குக் கிடைத்தது? வரப்போகும் நிலத்தில் ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்குப் புதிய நீர்முகப் பூங்காக்கள் இருக்கும் என்கிறார்கள். என் பேரப்பிள்ளைகள் அங்கே மிதிக்கட்டும்.

ஆனால் அன்றைக்கு இந்தப் பாதையின் ஓரத்தில் ஏரிதான் இருக்கும், அலை இருக்காது. ஆய்வுகள் முடிந்து, மண் கொட்டி, திட்டம் முழுமையடையப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால் நமக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளூர்க்காரரோ, ஊரிலிருந்து வந்தவரோ, உங்கள் பட்டியலில் இருக்கும் ஏதாவது ஒரு சீட்டுக் கிழிக்கும் இடத்தை அடித்துவிட்டு ஈஸ்ட் கோஸ்ட் என்று எழுதிக்கொள்ளுங்கள். வரும் சனிக்கிழமையே வந்து ஒரு சைக்கிளை எடுங்கள்.